குவின்னெட்டைத் துண்டு போடாதீர்கள்: ஜார்ஜியா சட்டமன்றத்தின் தொகுதி மறுவரையறைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

2023 டிசம்பர் 1 அன்று அமெரிக்கக் காங்கிரஸ் (நாடாளுமன்றம்) தொகுதிகளுக்கான புதிய வரைபடத்தை வெளியிட்டீர்கள். 7-ஆம் தேதி நிறைவேற்றினீர்கள். மறுநாள் ஆளுநர் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு வாரத்தில் எங்கள் தொகுதி காணாமல் போனது. அட்லாண்டா நகரை ஒட்டிய குவின்னெட் கவுண்டியை (மாவட்டம் போன்றது) நடுவில் வைத்திருந்த 7-ஆம் தொகுதியின் எண்ணை எடுத்து வடக்கே ஃபோர்சைத், டாசன், லம்ப்கின் பக்கம் கொடுத்தீர்கள். எங்களைத் துண்டுகளாக்கி 4, 9, 13 எனச் சுற்றியுள்ள தொகுதிகளின் ஓரங்களில் ஒட்டிவிட்டீர்கள்.

அப்போதே எழுதியிருக்க வேண்டும். 2030 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தால் எப்படியும் தொகுதிகளை மறுபடி வரைவார்கள், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். 2025 ஆகஸ்டில் டெக்சாஸ் சட்டமன்றம் கணக்கெடுப்புக்குக் காத்திராமல் தன் வரைபடத்தைத் திருத்தியது. நவம்பரில் கலிஃபோர்னியா வாக்காளர்கள், பதிலுக்குத் தங்கள் வரைபடத்தை மாற்ற ஒப்புக்கொண்டார்கள். எந்த மாநிலத்திலும் எந்த ஆண்டிலும் கோடு நகரலாம் என்று ஆகிவிட்ட பிறகு, இங்கும் யாராவது பென்சிலை எடுப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட நினைக்கிறேன்.

நான் 1999 முதல் இந்தக் கவுண்டியில் குடியிருப்பவள். 2018 முதல் வாக்குச்சாவடிப் பணியாளராக இருக்கிறேன். இந்த மடலின் ஆங்கில வடிவம் உங்கள் அலுவலகங்களுக்குத் தனியாக வரும். முதலில் தமிழில் எழுதக் காரணம், இதே கவுண்டியில் இருக்கும் என் மக்களில் பலருக்குத் தங்கள் தொகுதிக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. உங்களிடம் கேட்பதை அவர்கள் காதிலும் போட்டுவிட்டுக் கேட்கிறேன்.

நாங்கள் வந்து இறங்கியபோது ஐ-85 நெடுஞ்சாலை ஓரத்தில், ஜிம்மி கார்ட்டர் பொலிவார்டுக்குப் பக்கத்தில், இரண்டு தண்ணீர்த் தொட்டிகள் நின்றன. ஒன்றில் ‘குவின்னெட் இஸ் கிரேட்’ என்றும் இன்னொன்றில் ‘சக்சஸ் லிவ்ஸ் ஹியர்’ என்றும் பெரிதாக எழுதியிருக்கும். என் கணவருக்கு எச்-1பி என்ற வேலை விசா, ஒய்டூகே (2000-ஆம் ஆண்டுக் கணினிக் கோளாறு) சரிசெய்யும் வேலை. நார்கிராசில் ஓர் இரண்டு அறை அபார்ட்மென்ட். கறிவேப்பிலை வேண்டுமென்றால் டிகேட்டர் வரை காரில் போக வேண்டும். அந்தத் தொட்டிகளை 2010-இல் இடித்துவிட்டார்கள். ஆனால் அந்த வாசகத்தை நம்பித்தான் வந்தோம் என்று சொன்னால் அது பொய்யில்லை. வீட்டு விலை கைக்கு எட்டுவதாக இருந்தது, பள்ளிக்கூடங்கள் நன்றாக இருந்தன. வேறு எந்தக் கணக்கோடும் நாங்கள் இங்கு வரவில்லை.

எங்களைப் போலவே மற்றவர்களும் வந்தார்கள். 1996 ஒலிம்பிக்ஸ் கட்டுமான வேலைக்கு வந்த மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் குடும்பங்கள் தங்கிவிட்டன. லாஸ் ஏஞ்சலஸிலும் நியூயார்க்கிலும் கடை நடத்திய கொரியர்கள் டுலூத்துக்கு மாறினார்கள். வடக்கே இருந்த கறுப்பினக் குடும்பங்கள், தாத்தா பாட்டி விட்டுப்போன தெற்குக்குத் திரும்பி வந்தன. குஜராத்தியர் லில்பர்னில் எழுப்பிய சுவாமிநாராயண் மந்திர் 2007-இல் திறந்தது. 1970-இல் இந்தக் கவுண்டியின் மக்கள்தொகை 72,349. 1990-இல் 3,52,910, அதில் பத்தில் ஒன்பது பேர் வெள்ளையர். 2020-இல் 9,57,062. இப்போது வெள்ளையர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. கறுப்பினத்தவர் கால் பங்குக்கு மேல், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு, ஆசியர் எட்டில் ஒருவர். யாருக்கும் பெரும்பான்மை இல்லாத ஊர்.

ஓட்டும் மெதுவாக மாறியது. 1980 முதல் 2012 வரை ஒவ்வோர் அதிபர் தேர்தலிலும் குவின்னெட் குடியரசுக் கட்சிக்கே வாக்களித்தது. 2004-இல் புஷ்ஷுக்கு மூன்றில் இரண்டு பங்கு. 2012-இல் ராம்னிக்கு 54 விழுக்காடு. 2016-இல்தான் முதல்முறையாகத் தராசு மறுபக்கம் சாய்ந்து, ஹிலாரி கிளின்டன் இங்கே முந்தினார். 2020-இல் பைடனுக்கு 58 விழுக்காடு. 2018-இல் கவுண்டியை நிர்வகிக்கும் ஆணையத்துக்கு ஜனநாயகக் கட்சி சார்பில் மார்லின் ஃபாஸ்க்கியும், ஆசிய வம்சாவளியினரில் முதல் நபராக பென் கூவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 2020-இல் நிக்கோல் லவ் ஹென்ட்ரிக்சன் அந்த ஆணையத்தின் முதல் கறுப்பினத் தலைவரானார். அதே ஆண்டில் பள்ளி வாரியத்திலும் பெரும்பான்மை கை மாறியது.

இந்த மாற்றத்தைப் பார்த்து உங்களில் பலர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்: தோல் நிறம் தெரிந்தால் ஓட்டும் தெரிந்துவிடும் என்ற முடிவு. பல ஆண்டுகளாக வாக்குச்சாவடியிலும் கோயில் வாசலிலும் தமிழ்ப் பள்ளி வராந்தாவிலும் இவர்களோடு பேசிக்கொண்டிருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், அது தப்புக் கணக்கு.

பேருந்து, ரயில் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அட்லாண்டாவின் பொதுப் போக்குவரத்து அமைப்பான மார்ட்டாவில் சேரலாமா என்று 1971-இலும் 1990-இலும் கேட்டபோது குவின்னெட் வேண்டாம் என்றது. அது பழைய குவின்னெட், புதியவர்கள் வந்தால் மாறிவிடும் என்றார்கள். 2019 மார்ச்சில் மறுபடி கேட்டார்கள், தோற்றது. 2020 நவம்பரில், பைடன் 18 விழுக்காடு வித்தியாசத்தில் வென்ற அதே வாக்குச்சீட்டில், போக்குவரத்து வரி சுமார் ஆயிரம் ஓட்டில் தோற்றது. 2024-இல் இன்னொரு முறை. நான் மூன்று முறையும் வேண்டும் என்று போட்டவள். என் பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பம் மூன்று முறையும் வேண்டாம் என்று போட்டது. வரி ஏறும் என்பது அவர்கள் வாதம். இருவரும் ஒரே கடையில் இட்லி மாவு வாங்குகிறோம்.

2024-இல் கமலா ஹாரிஸ் நின்றபோது, அவருடைய அம்மா சென்னைக்காரர் என்பதால் எங்கள் ஓட்டெல்லாம் மொத்தமாக அங்கேதான் போகும் என்று உள்ளூரில் பலர் நினைத்தார்கள். எங்கள் வீட்டுக் கூடத்திலேயே அந்த ஓட்டு இரண்டாகப் பிரிந்தது. லில்பர்னிலிருந்து குடியரசுக் கட்சி சார்பில் உங்கள் அவைக்கு வந்த கொரிய அமெரிக்கர் பி.ஜே. பாக்கும் எங்கள் ஊர்க்காரர்தான். பக்கத்து ஃபோர்சைத் கவுண்டியில் இந்தியர் எத்தனை ஆயிரம் பேர் என்பது உங்களுக்குத் தெரியும். 2020-இல் அங்கே டிரம்புக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழுந்தது. எங்களை எந்தக் கட்சியின் சொத்தாகவும் யாரும் எழுதி வாங்கவில்லை. கேட்டு வந்தால், பதில் சொன்னால், எங்கள் ஓட்டு நகரும். அப்படி நகர்ந்துதான் குவின்னெட் குடியரசுக் கட்சியிடமிருந்து போனது. திரும்பி வரவும் முடியும். கோட்டை நகர்த்திவிட்டால் எங்கள் கதவைத் தட்ட வேண்டிய அவசியமே யாருக்கும் இல்லை.

2018-ஐ நினைத்துப் பாருங்கள். 7-ஆம் தொகுதியில் குடியரசுக் கட்சியின் ராப் வுடாலும் ஜனநாயகக் கட்சியின் கரோலின் பூர்டோவும் மோதினார்கள். மறு எண்ணிக்கைக்குப் பிறகு வுடால் வென்றது 433 ஓட்டில். நான் முதல்முறையாகச் சாவடியில் உட்கார்ந்த பொதுத் தேர்தல் அது. தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு வரும் கூட்டம் அந்த 433-ஐவிடப் பெரியது. அந்த எண் எங்கள் வட்டாரத்தில் செய்ததை எந்தப் பிரசாரமும் செய்யவில்லை. குடியுரிமை வாங்கி ஐந்தாறு ஆண்டாகியும் பதிவு செய்யாதவர்கள் தாங்களாகவே என்னிடம் படிவம் கேட்டு வந்தார்கள். இரு கட்சிக்காரர்களும் எங்கள் பொங்கல் விழாவுக்கு வந்து வரிசையில் நின்று சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பசுபதி, சுப்பிரமணியம் என்ற பெயர்களையெல்லாம் பொறுமையாகச் சொல்லிப் பழகினார்கள். போட்டி உள்ள தொகுதி என்றால் என்னவென்று அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் நாங்கள் பார்த்தோம். 2020-இல் வுடால் மறுபடி நிற்கவில்லை, பூர்டோ வென்றார்.

அதே ஆண்டில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பெருந்தொற்றுக் காலம். நானும் வேறு சில அம்மாக்களும் ஒரு பட்டியல் போட்டு, வீடு வீடாகத் தொலைபேசியில் கூப்பிட்டு, படிவத்தை நிரப்பச் சொன்னோம். விசாவில் இருப்பவர்கள் பயந்தார்கள். எங்களை எண்ணினால் என்ன, எண்ணாவிட்டால் என்ன, எங்களுக்குத்தான் ஓட்டு இல்லையே என்று கேட்டார்கள். எண்ணிக்கை வந்தால் பள்ளிக்கூடத்துக்குப் பணம் வரும், தொகுதி வரும், பேச ஆள் வருவார்கள் என்று நான் சொன்னேன். ஒவ்வொரு வீட்டிலும் இதைத்தான் சொன்னேன்.

நான் சொன்னதில் ஒரு பாதி உண்மைதான். 2000 கணக்கெடுப்புக்குப் பிறகு ஜார்ஜியாவுக்குக் காங்கிரசில் 11 இடம் 13 ஆனது. 2010-க்குப் பிறகு 14 ஆனது. அந்த இடங்களை வாங்கிக் கொடுத்த மக்கள்தொகையில் குவின்னெட்டின் பங்கு பெரியது. 1990-க்கும் 2010-க்கும் இடையில் இந்த ஒரு கவுண்டியில் மட்டும் நாலரை லட்சம் பேர் கூடினார்கள். எங்கள் தலைகளை எண்ணி மாநிலம் இடம் வாங்கிக்கொண்டது. அந்த இடத்தில் யாரை உட்கார வைப்பது என்று நாங்கள் சொல்ல வேண்டிய முறை வந்தபோதுதான் கத்தரியை எடுத்தீர்கள்.

தமிழ்நாட்டில் இப்போது தொகுதி மறுவரையறை பற்றிப் பெரிய கவலை இருக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்ததால் மக்கள்தொகை அதிகம் வளராத மாநிலத்துக்கு நாடாளுமன்றத்தில் பங்கு குறைந்துவிடுமோ என்பது அங்கே உள்ள பயம். இங்கே வளர்ந்ததனால் வந்த வினை. அங்கே இருக்கும் உறவினர்களுக்கு இதைத் தொலைபேசியில் விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. அவர்களுக்குப் பெரிய ஆச்சரியம் வேறொன்று: கோடு போடுவது யார் என்பது. இந்தியாவில் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஒருவரின் தலைமையில் மறுவரையறை ஆணையம் அமைகிறது. எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் அதில் இணை உறுப்பினராக உட்காரலாம், கருத்துச் சொல்லலாம். ஓட்டுப் போட முடியாது. அங்கும் குறைகள் உண்டு. ஆனாலும் தேர்தலில் நிற்கப்போகிறவரே தன் தொகுதியின் எல்லையை வரைந்துகொள்ளும் வழக்கம் அங்கே இல்லை. என் அண்ணன் இரண்டு முறை கேட்டார், “நிஜமாவா?” என்று.

சரி, கடந்த சில ஆண்டுகளில் நீங்கள் செய்தவற்றைச் சொல்கிறேன்.

2021 கோடையில் மாநிலம் முழுவதும் பொதுக் கூட்டங்கள் நடத்தினீர்கள். கணக்கெடுப்பின் விவரமான எண்கள் ஆகஸ்டில்தான் வந்தன. கூட்டங்கள் அதற்கு முன்பே முடிந்துவிட்டன. எங்கள் முன்னால் எண்ணும் இல்லை, வரைபடமும் இல்லை. எதைப் பற்றிக் கருத்துச் சொல்வது? நவம்பரில் வரைபடம் வந்தது, நிறைவேறியது. 2013-இல் ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால் மத்திய அரசின் முன் அனுமதி தேவை போய்விட்டது; அந்த அனுமதி இல்லாமல் ஜார்ஜியா முழு வரைபடம் போட்டது அதுதான் முதல்முறை. பக்கத்து 6-ஆம் தொகுதியை ஒரு கட்சிக்குப் பாதுகாப்பாகவும் எங்கள் 7-ஐ இன்னொரு கட்சிக்குப் பாதுகாப்பாகவும் ஆக்கினீர்கள். 6-இன் உறுப்பினராக இருந்த, பூர்டோவின் கட்சியையே சேர்ந்த லூசி மெக்பாத் எங்கள் தொகுதிக்கு வந்து, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் 2022 முதன்மைத் தேர்தலில் அவரைத் தோற்கடித்தார். 433 ஓட்டுத் தொகுதி அதோடு முடிந்தது. அதற்கப்புறம் எங்கள் பொங்கல் வரிசையில் எந்த வேட்பாளரையும் நான் பார்க்கவில்லை.

2022 தொடக்கத்தில் கவுண்டி ஆணையத்தின் எல்லைகளை மாற்றினீர்கள். உள்ளூர் விஷயம் என்றால் அந்தக் கவுண்டியின் சட்டமன்ற உறுப்பினர்கள் கூடிப் பெரும்பான்மையாக முடிவு செய்வார்கள், மற்றவர்கள் அதை மதித்து நிறைவேற்றுவார்கள் என்பது உங்கள் அவையின் நெடுநாள் வழக்கம். குவின்னெட் உறுப்பினர்களில் பெரும்பான்மை மாறிய பிறகு அந்த வழக்கத்தை ஒதுக்கிவிட்டு, மாநிலம் தழுவிய சட்டம் போல அதை நிறைவேற்றினீர்கள். அதே கையோடு பள்ளி வாரியத் தேர்தலைக் கட்சிச் சின்னம் இல்லாததாக்கி, கூட்டம் குறைவாக வரும் மே மாதத்துக்கு மாற்றினீர்கள். கட்சி இல்லாத பள்ளித் தேர்தல் நல்லதா கெட்டதா என்பதில் எனக்கே இரண்டு மனம் உண்டு; நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அதைக் குவின்னெட் கேட்கவில்லை. குடியரசுக் கட்சி பெரும்பான்மையாக இருந்த அத்தனை ஆண்டுகளில் அந்த யோசனைக்கு இவ்வளவு அவசரம் வந்ததும் இல்லை.

பிறகு 2023. அக்டோபர் 26 அன்று கூட்டாட்சி நீதிபதி ஸ்டீவ் ஜோன்ஸ், ஜார்ஜியாவின் வரைபடம், சிறுபான்மையினரின் ஓட்டுரிமையைக் காக்கும் வாக்குரிமைச் சட்டத்தை மீறுகிறது என்று தீர்ப்பளித்தார். அட்லாண்டாவின் மேற்குப் பகுதியில் கறுப்பின வாக்காளர்கள் பெரும்பான்மையாக உள்ள இன்னொரு தொகுதி வேண்டும் என்றார். அதற்காக வேறு இடத்தில் சிறுபான்மையினருக்கு வாய்ப்புள்ள தொகுதியை அழித்துவிடக் கூடாது என்ற பொருளிலும் சொன்னார். நீங்கள் மேற்கில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, கிழக்கில் எங்களுடையதை எடுத்துக்கொண்டீர்கள். எங்கள் 7-இல் எந்த ஓர் இனத்துக்கும் தனிப் பெரும்பான்மை கிடையாது. கறுப்பினத்தவர், லத்தீன் மக்கள், ஆசியர், வெள்ளையர் எல்லோரும் கலந்தது. அப்படிப்பட்ட கூட்டுத் தொகுதி தன் முன் உள்ள வழக்கில் இல்லை என்று டிசம்பர் 28 அன்று நீதிபதி வரைபடத்தை ஏற்றார். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். எங்களுக்கு மிஞ்சியது இதுதான்: ஒரே இனமாக ஓரிடத்தில் குவிந்து வாழ்ந்திருந்தால் சட்டம் காப்பாற்றியிருக்கும். கலந்து வாழ்ந்தோம், அதனால் பாதுகாப்பு இல்லை.

இதனால் என்ன பெரிய நஷ்டம், யாரோ ஒருவர் உங்களுக்காக வாஷிங்டனில் இருக்கத்தானே செய்கிறார் என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். நாங்கள் வீடு மாறவில்லை. 2021 ஜனவரி வரை வுடால், பிறகு பூர்டோ, 2023-இல் மெக்பாத், 2025-இல் இன்னொருவர். நாலே ஆண்டில் நான்கு பேர். இதில் எங்கள் தொகுதி மக்கள், இருந்த எல்லைக்குள் ஓட்டுப் போட்டு மாற்றியது ஒரே ஒரு முறை. மற்ற இரண்டும் உங்கள் கோட்டால் வந்தவை.

எங்களைப் போன்ற குடும்பங்களுக்குக் காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகம் என்பது கொள்கை பேசும் இடம் மட்டும் இல்லை. பாஸ்போர்ட் தாமதமா, ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் அவசரப் பயண அனுமதி வேண்டுமா, குடியேற்றத் துறையில் கோப்பு அசையாமல் கிடக்கிறதா, அங்கேதான் போவோம். ஓட்டு இல்லாதவர்களும் போகலாம். கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் ஆண்டுக்கு 7 விழுக்காடுக்கு மேல் இல்லை என்ற வரம்பு இருப்பதால் இந்தியர் வரிசை எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் தோழியின் மகன் நான்கு வயதில் இங்கு வந்தவன். பெற்றோரின் விசாவோடு ஒட்டியே வளர்ந்தான். 21 வயது ஆனால் அந்த ஒட்டு அறுந்துவிடும். அவனுடைய கோப்பைப் பற்றி விசாரிக்கும்படி அந்தக் குடும்பம் நம் உறுப்பினரின் அலுவலகத்தில் கேட்டிருந்தது. ஊழியர் ஒருவர் அக்கறையாகத் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். 2025 ஜனவரியில் அந்த உறுப்பினர் எங்களுக்கு உறுப்பினராக இல்லாமல் போனார். புதிய அலுவலகத்தில் மறுபடி ஒப்புதல் படிவம், மறுபடி முதலிலிருந்து கதை. அங்கே இருந்தவர்களும் நல்ல மாதிரிதான் பேசினார்கள். ஆனால் அந்தப் பையனுக்கு நாள் காத்திருக்கவில்லை. பதினேழு ஆண்டு வாழ்ந்த ஊரில் வெளிநாட்டு மாணவனுக்கான விசாவில் இப்போது படிக்கிறான். வேறு எல்லையில் இருந்திருந்தால் அவன் கோப்பு நிச்சயம் நகர்ந்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். பாதியில் கைவிடப்பட்டோம் என்று அவன் அம்மா சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை.

2024 நவம்பர் 5. காலை ஐந்தரை மணிக்குச் சாவடி திறக்கும் ஏற்பாடுகள். ஏழு மணிக்கு முதல் வாக்காளர். சரிபார்க்கும் மேசையில் நான். அன்று முழுவதும் நான் அதிகம் கேட்ட கேள்வி, “நம் தொகுதி எது?” என்பதுதான். மெக்பாத் பெயர் ஏன் இல்லை என்று பலர் கேட்டார்கள். மாதிரி வாக்குச்சீட்டைக் காட்டுவதற்கு மேல் வேட்பாளர் பற்றி ஒரு வார்த்தை நாங்கள் பேசக் கூடாது, பேசவும் இல்லை. முப்பது ஆண்டாக இங்கேயே இருப்பதாகச் சொன்ன ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், பட்டியலில் இருந்த காங்கிரஸ் வேட்பாளர்கள் இருவரையும் தான் பார்த்ததே இல்லை என்று அமைதியாகச் சொல்லிவிட்டு அந்தக் கட்டத்தை நிரப்பாமலே போனார். ஒரு கொரியப் பாட்டியைக் கைப்பிடித்து அழைத்து வந்த பேத்தி, தங்கள் பக்கத்துத் தெருவுக்கு வேறு தொகுதி என்று தெரிந்ததும் திரும்பத் திரும்பத் தன் முகவரியைச் சரிபார்த்தாள். முகவரியில் தப்பில்லை. கோடு அந்தத் தெருவில் போகிறது.

கவுண்டியின் வடக்கில் இருப்பவர்கள் இப்போது மலைப்பக்கத்துக் கவுண்டிகளோடு ஒரே தொகுதி. அந்த மக்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வார இறுதியில் ஆப்பிள் பறிக்கவும் அருவி பார்க்கவும் அங்கேதான் போகிறோம். அவர்களுக்கு வேண்டியது கிராமத்து மருத்துவமனை, சாலை, காடு. எங்களுக்கு வேண்டியது நெரிசலுக்குத் தீர்வு, விசா, பன்மொழி வகுப்பறை. 2016 முதல் வாக்குரிமைச் சட்டப்படி ஸ்பானிய மொழியிலும் வாக்குச்சீட்டுத் தர வேண்டிய கவுண்டி இது. ஒரே உறுப்பினர் இரண்டு பக்கத்துக்கும் நியாயம் செய்ய வேண்டுமென்றால் அவர் யாராக இருந்தாலும் சிரமம்தான். ஓட்டு எண்ணிக்கையில் சிறுபான்மையாக இருக்கும் பக்கம் விட்டுப்போகும். அது இன்று நாங்கள். வேறு கோட்டில் அவர்களாக இருக்கலாம்.

இது ஒரு கட்சியின் குற்றம் மட்டும் என்று நான் எழுதவில்லை. 2001-இல் ஜனநாயகக் கட்சி உங்கள் அவைகளில் பெரும்பான்மையாக இருந்தபோது, தங்களுக்குச் சாதகமாக வளைத்து வளைத்து வரைந்தார்கள். சட்டமன்றத் தொகுதிகளுக்கு அவர்கள் போட்ட அந்த வரைபடங்களை 2004-இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அன்று பாதிக்கப்பட்ட பக்கம் இன்று பெரும்பான்மையாக இருக்கும் உங்கள் பக்கம்தான். அந்த வலி தெரிந்தவர்கள் நீங்கள் என்பதால்தான் உங்களிடம் கேட்கத் தோன்றுகிறது. கட்சி நோக்கில் வரையும் கோட்டைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்காது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே இதைச் சரிசெய்யும் அதிகாரம் உங்கள் மேசையில்தான் இருக்கிறது.

என் கோரிக்கைகள் இவை.

2030 கணக்கெடுப்பின் எண்கள் வரும்வரை காங்கிரஸ் வரைபடத்தை மறுபடி திறக்காதீர்கள். நீதிமன்றம் உத்தரவிட்டால் தவிர, வேறு மாநிலம் செய்ததைக் காரணம் காட்டி இங்கே கை வைக்க வேண்டாம்.

அடுத்து எப்போது வரைந்தாலும் ஒரு முழுத் தொகுதி குவின்னெட் எல்லைக்குள்ளேயே இருக்கட்டும். 2020 கணக்குப்படி ஜார்ஜியாவின் ஒரு காங்கிரஸ் தொகுதிக்கு 7,65,136 பேர். குவின்னெட்டில் 9,57,062 பேர். ஒரு தொகுதியை முழுதாக வைத்துவிட்டு மிச்சமிருக்கும் சுமார் இரண்டு லட்சம் பேரை மட்டும் பக்கத்தில் சேர்க்க இடம் இருக்கிறது. அதில் எந்தக் கட்சி வெல்லும் என்பதை நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

வரைபடத்தின் வரைவை வெளியிட்ட பிறகு கூட்டம் நடத்துங்கள், அதற்கு முன்னால் அல்ல. வரைவுக்கும் வாக்கெடுப்புக்கும் இடையே குறைந்தது முப்பது நாள் வேண்டும். ஒரு கூட்டமாவது குவின்னெட்டில், வேலை முடிந்து வரக்கூடிய மாலை நேரத்தில், ஸ்பானிய, கொரிய, வியட்நாமிய மொழிபெயர்ப்பாளர்களோடு நடக்க வேண்டும். தமிழுக்கு ஆள் தேவைப்பட்டால் நான் சம்பளம் இல்லாமல் வருகிறேன்.

குவின்னெட்டைப் பற்றிய உள்ளூர் மசோதாக்களைக் குவின்னெட் உறுப்பினர்களின் பெரும்பான்மை ஒப்புதலோடு மட்டுமே எடுத்துக்கொள்ளும் வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். இந்தமுறை அதை விதியாக எழுதிவையுங்கள். பள்ளி வாரியத் தேர்தல் எந்த முறையில், எந்த மாதத்தில் நடக்க வேண்டும் என்பதைக் கவுண்டி மக்களிடம் ஒரு பொது வாக்கெடுப்பில் கேளுங்கள். மே மாதத்தில் அல்ல, நவம்பரில்.

கடைசியாக, பெரியது. அரிசோனா, மிச்சிகன், கொலராடோ மாநிலங்களில் தொகுதி எல்லையைச் சுயேச்சையான ஆணையங்கள் வரைகின்றன. ஜார்ஜியாவிலும் அப்படி ஒன்றை அமைக்க மாநில அரசியல் சட்டத் திருத்தத்தைக் கொண்டுவாருங்கள். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், பிறகு மக்கள் வாக்கெடுப்பு வேண்டும். இரண்டு கட்சியும் சேராமல் அது நடக்காது என்பது எனக்குத் தெரியும். முதலில் ஒரு மசோதாவாகவாவது குழுவில் விவாதத்துக்கு எடுத்து, யார் ஆதரிக்கிறார்கள், யார் எதிர்க்கிறார்கள் என்று பெயரோடு பதிவு செய்யுங்கள்.

இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் தாருங்கள். முடியாது என்றால் எது முடியாது, ஏன் முடியாது என்று எழுதுங்கள். வரும் பதிலைத் தமிழில் மொழிபெயர்த்து, 2020-இல் நான் தொலைபேசியில் கூப்பிட்ட அத்தனை வீட்டுக்கும் அனுப்புவேன்.

இப்படிக்கு,
குவின்னெட் கவுண்டி வாக்காளர், வாக்குச்சாவடிப் பணியாளர் ஒருவர்